சிலை பார்க்கப் போன மூன்றாம் வகுப்பு

பெற்றோர் கூட்டத்தில் யாராவது, "எங்க பிள்ளை சொன்ன பேச்சே கேக்குறதில்ல மிஸ்" என்று வருத்தப்பட்டால், நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வேன். கேட்காத குழந்தையால் அப்படியொன்றும் பெரிய ஆபத்து வந்துவிடாது. சொன்னதைச் சொன்னபடியே கேட்கிற முப்பது சொச்சம் குழந்தைகளை ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அப்போது தெரியும். நான் போயிருக்கிறேன். என் முதல் நரைமுடி அன்றைக்குத்தான் முளைத்தது. (சாயம் பூசியிருப்பதால் உங்களுக்குத் தெரியாது.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நாகர்கோவிலிலிருந்து பி.எட். சான்றிதழையும் இரண்டு ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு டெல்லிக்கு வந்து, ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். வேலை தற்காலிகம்தான். கல்வியாண்டு முடிகிறபோது என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, மூட்டை கட்டச் சொல்வதா என்பதைத் தலைமையாசிரியை கல்யாணி மேடம் முடிவு செய்வார். மூட்டை கட்டுவதில் எனக்கு இருந்த சிரமமெல்லாம் அப்பாதான். "டெல்லியெல்லாம் உனக்கு ஒத்துவராது மக்களே, ஒரு குளிரு தாங்கமாட்ட, அழுதுட்டு வந்து நிப்ப" என்று ரயில்வே ஸ்டேஷனில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அவர் சொல்லியிருந்தார். (எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம்.) நானும் அத்தனை பேர் முன்னாலும், "வந்தா பாருங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு ஏறியிருந்தேன். ஆகவே அந்த வேலை எனக்குச் சோறு மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்கூட.

அந்தக் குளிர்காலத்தில், எல்லா வகுப்புகளும் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கிற ஒரு பெரிய கலைக்கூடம். செய்தி வந்த மறுநாளே பள்ளியில் இருந்த மூத்த ஆசிரியைகள் எல்லோருக்கும் உடம்பு கெட்டுப்போனது. ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருவருக்கு மாமியார். வியாதியே இல்லாத ஒரே ஆள் நான்தான்.

"ஜெபா, நீதான் போற. சின்ன வயசு, ஓடியாடிப் பாத்துப்ப" என்றார் கல்யாணி மேடம்.

"சரி மேடம்."

"பசங்க போனது போனபடியே திரும்பி வரணும். அங்கேருந்து ஒரு புகார் வந்துதுன்னு வச்சுக்கோ, அப்புறம் உன் ஃபைலை நான் திறந்தே பாக்க வேண்டியதில்ல. புரிஞ்சுதா?"

புரிந்தது. அடுத்த ஒரு வாரம் மதியச் சாப்பாடு எனக்கு உள்ளே இறங்கவில்லை.

என் பயத்தில் நியாயம் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் பாரபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசைகளிலிருந்து வருகிறவர்கள். அம்மாமார் ஜங்புராவில் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், அப்பாமார் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். தெருவில் ஹிந்தி, வீட்டில் விழுப்புரம், சேலம் என்று ஊருக்கு ஒரு தமிழ், இரண்டுக்கும் நடுவே ஓயாத ஓட்டம். ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, முடிந்தால் தூக்கிப் பார்த்த பிறகுதான் அது இருப்பதாகவே அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆயிரம் வருஷமாக எத்தனையோ படையெடுப்புகளைத் தாண்டி முழுசாக வந்து சேர்ந்த ஒரு சிலையின் மூக்கு, என் வகுப்பு உள்ளே போன பத்தாவது நிமிடத்தில் கீழே விழுவதாக எனக்குக் கற்பனை ஓடிக்கொண்டே இருந்தது. செய்தித்தாளில் போடுவதற்கு என் பாஸ்போர்ட் சைஸ் புகைப்படம் நன்றாக இல்லையே என்ற கவலை வேறு.

ஆகவே ஒத்திகை ஆரம்பித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பறையைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தேன். கரும்பலகையைச் சிலையாக நினைத்துத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன்.

"அங்க என்ன மிஸ் இருக்கும்?" என்று கேட்டாள் தனலட்சுமி. அவள்தான் வகுப்புத் தலைவி. எட்டு வயதில் அப்படியொரு அதிகாரக் குரல் எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் லீவு போட்டால் என்னைவிட அமைதியாக வகுப்பை வைத்திருப்பாள்.

"படம் இருக்கும். பழைய சிலை இருக்கும்."

"யாரு சிலை?"

"சாமி சிலைதான். நம்ம ஊர்ல இருந்து கொண்டுவந்த பிள்ளையாரு, அம்மன் எல்லாம் இருக்கு."

"அப்போ அது கோயிலா மிஸ்?"

இந்த இடத்தில்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த பி.எட். விழித்துக்கொண்டது. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறேனே!

"கோயில்னே வச்சுக்கோங்க மக்களே. கோயிலுக்குப் போனா எப்படி இருப்பீங்களோ, அதே மாதிரி அங்கயும் இருக்கணும். சரியா?"

"சரி மிஸ்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. தனலட்சுமி தலையை ஆட்டி மனதில் குறித்துக்கொண்டாள்.

நான் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள். எங்கள் சர்ச்சில் குழந்தைகள் பெஞ்சில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அம்மா தொடையில் கிள்ளுவார். ஷூவைக் கழற்றுகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. சாமி இருக்கிற இடம் என்றாலே என் மனதில் வருவது இந்தப் படம்தான். அந்தப் பிள்ளைகள் மனதில் வருகிற படம் எதுவென்று யோசித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

போகிற நாள் காலையில் பனிமூட்டம். பள்ளிக்கூட கேட்டில் தனலட்சுமியின் அம்மா குனிந்து சேலைத் தலைப்பால் மகளின் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு எடுத்தது மிஸ். ரெண்டு வருசம் ஓடணும்னு பெரிய சைஸா எடுத்துட்டேன். முன்னாடி துணி வச்சிருக்கேன், கழண்டுடாம பாத்துக்கோங்க."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். (பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.)

எனக்குத் துணையாக ஆயா சரோஜா அக்கா வந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம். சேலை முந்தானையில் எப்போதும் ஒரு விபூதிப் பொட்டலம் முடிந்திருக்கும். விளையாடும்போது முட்டியில் அடிபட்டாலும், கணக்கில் மார்க் குறைந்தாலும், யாருக்காவது விக்கல் வந்தாலும் அவருடைய முதல் சிகிச்சை அந்தப் பொட்டலம்தான்.

பஸ்ஸில் இரண்டு வாந்தி, ஒரு மூக்கில் ரத்தம். வாசலில் பாதுகாப்புச் சோதனை. டிபன் பைகளையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். நான் பிள்ளைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்று கூடியது. அன்று முழுவதும் சரியான எண்ணிக்கை எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஆனால் உள்ளே போனதும் ஓர் அதிசயம் நடந்தது. ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். பழைய ராஜபுத்திர ஓவியங்களின் முன்னால் நின்றபோது மட்டும் ஒருத்தன் மெதுவாகக் கேட்டான்.

"மிஸ், ஏன் எல்லாரும் சைடுல பாக்குறாங்க?"

"படம் வரையறவரு சைடுல உக்காந்திருந்தாரு" என்றேன். நியாயமான பதிலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்த ஹாலில் நவீன ஓவியங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான் படம். தனலட்சுமி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது முடிஞ்சிருச்சா மிஸ்?"

"முடிஞ்சிருச்சு."

"அப்போ என் டிராயிங்ல மட்டும் ஏன் 'பாதிதான் வரைஞ்சிருக்க'ன்னு எழுதினீங்க?"

நான் அடுத்த படத்துக்கு நகர்ந்தேன். அங்கே நின்றிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பஹுத் அச்சே பச்சே ஹை" என்று பிள்ளைகளைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணி மேடம் கூப்பிட்டு நிரந்தர உத்தரவை நீட்டுவதுபோலவும், நான் அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்புவதுபோலவும் மனதுக்குள் ஒரு காட்சி ஓடியது. என் வாழ்க்கையில் இந்த மாதிரிக் காட்சிகள் ஓடும்போதெல்லாம் பின்னாலேயே ஏதாவது வந்துவிடும்.

வந்தது. பிரவீன் என்பவன் காலை இடுக்கிக்கொண்டு, "மிஸ், அர்ஜென்ட்" என்றான்.

"அக்கா, அடுத்த ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் இப்ப வந்துருவேன்" என்று சரோஜா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரவீனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், உள்ளே ஒரு கம்பளி பனியன், கால்சட்டைக்கு மேல் இன்னொரு கால்சட்டை. டெல்லிக் குளிரில் ஒரு பிள்ளையை உரித்தெடுத்து மறுபடி கட்டுவதற்குள் ஒரு பாடமே நடத்திவிடலாம்.

திரும்பி வந்தபோது சிற்ப ஹாலின் வாசலில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். சுவரோரமாக, முனை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, என் வகுப்பின் கறுப்பு ஷூக்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் சாக்ஸ் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தனலட்சுமியின் கைவண்ணம் என்று பார்த்தாலே தெரிந்தது. வரிசைக் கடைசியில் சரோஜா அக்காவின் ரப்பர் செருப்பு. அதற்கும் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஜோடி தங்கநிறச் செருப்பு.

பிரவீன் தன் ஷூவையும் கழற்றி அந்த வரிசையில் சேர்க்க, நான் உள்ளே ஓடினேன்.

ஹாலின் நடுவே ஒரு பெரிய கருங்கல் பிள்ளையார். அவரைச் சுற்றிக் கயிறு. கயிற்றைச் சுற்றி என் வகுப்பு. "வலது பக்கமா! வலது பக்கமா போங்கடா!" என்று தனலட்சுமி போக்குவரத்தை ஒழுங்குபடுத்த, வெறுங்காலோடு பிரதட்சணம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பையன்கள் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார்கள். அதைவிடப் பயங்கரமான ஒன்றையும் கண்டுபிடித்திருந்தார்கள். கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினால் எச்சரிக்கை மணி 'பீப்' என்று அலறும். கோயிலுக்குள் நுழைந்ததும் மணி அடிக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் வந்து, கையை நீட்டி, 'பீப்' என்று கேட்டதும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, அடுத்தவனுக்கு இடம் விட்டது.

சரோஜா அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து எல்லார் நெற்றியிலும் விபூதி பூசிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு பஞ்சாபி ஆன்டியும் நின்றார். அந்தத் தங்கநிறச் செருப்புக்கு உரியவர். அவர் பயபக்தியோடு நெற்றியைக் காட்டி விபூதி வாங்கிக்கொண்டு, பீடத்தில் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்துவிட்டு என்னிடம் ஹிந்தியில் கேட்டார்: "ஆரத்தி எத்தனை மணிக்கு, பேட்டா?"

"மக்களே!" என்று கத்தினேன். (சத்தம் போடக் கூடாது என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தவள்.)

அதற்குள் எச்சரிக்கை மணி கேட்டுக் காவலர் ஒருவர் ஓடி வந்தார். வந்த வேகத்தில், "க்யா ஹோ ரஹா ஹை யஹா?" என்று அதட்டியபடி குனிந்து பிரதட்சணத்தைத் தடுக்கப் பார்த்தார். நெற்றி ஒன்று தாழ்ந்து வருவதைப் பார்த்த சரோஜா அக்கா, பழக்க தோஷத்தில் அதற்கும் விபூதி பூசிவிட்டார். காவலரும் பழக்க தோஷத்தில் ஒரு விநாடி கை கூப்பிவிட்டார். பிறகுதான் அவருக்குத் தன் உத்தியோகம் நினைவுக்கு வந்து கோபம் இரண்டு மடங்கானது.

நான் எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதையும் உபயோகித்து மன்னிப்புக் கேட்டேன். (எனக்குப் பேசத் தெரிந்த ஹிந்தி முழுவதுமே 'ஸாரி பையா'தான்.) பிள்ளைகளை வரிசையாக்கி, கையைப் பிடித்து இழுத்து, வெளியே கொண்டுவந்து சேர்த்தேன்.

வாசலில் சுவர் மட்டும்தான் இருந்தது. ஒரு ஷூகூட இல்லை.

தரையோ சலவைக்கல். ஜனவரி மாதம். பிள்ளைகள் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றார்கள். என் சால்வையைக் கழற்றித் தரையில் விரித்தேன். அதன்மேல் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள், "மிஸ், அடுத்து நாங்க" என்று முறை கேட்டார்கள். எங்கேயோ ஒருத்தி விசும்ப ஆரம்பிக்க, அது வரிசையாகப் பரவியது.

"ஒண்ணும் கவலப்படாதீங்க மிஸ்ஸு" என்றார் சரோஜா அக்கா நிதானமாக. "கோயில்ல செருப்பு தொலஞ்சா பீடை தொலஞ்சுதுன்னு அர்த்தம். நல்லதுதான்."

"அக்கா, இது கோயில் இல்ல!"

"நீங்கதான மிஸ் கோயில்னு சொன்னீங்க?" என்றாள் தனலட்சுமி. அவள் அழவில்லை. குளிரில் கால்விரல்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் அம்மா குனிந்து ஷூவைத் துடைத்தது என் கண்முன் வந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து எடுத்த ஷூ. ஓர் எட்டு வயதுப் பிள்ளை என் பேச்சை நம்பி, அதை ஒழுங்காகக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதை இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு என் வேலையோ அப்பாவோ நினைவில் இல்லை. அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

"ஷூ எங்க?" என்று காவலரிடம் சைகையில் கேட்டேன். அவர் கீழே கை காட்டினார்.

டெல்லியில் ஒரு பொருள் கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன நடக்கும் என்பது இங்கே மெட்ரோவில் போகிற எல்லோருக்கும் தெரியும். தொடாதே, தகவல் சொல் என்று அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் நாகர்கோவிலில் ஒரு வாசலில் நிறையச் செருப்பு கிடந்தால் உள்ளே விசேஷம் என்று அர்த்தம். டெல்லியில் விபரீதம் என்று அர்த்தம். அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு ஆட்கள் அந்த ஷூக் குவியலைப் பார்த்ததும், அத்தனையையும் சாக்குகளில் அள்ளிப் பின்பக்க முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நாங்கள் ஊர்வலமாகப் படியிறங்கிப் போனோம். முன்னால் செருப்போடு நான், பின்னால் வெறுங்காலோடு பிள்ளைகள், கடைசியில் விபூதியோடு பஞ்சாபி ஆன்டி. முற்றத்தில் மூன்றாம் வகுப்பின் ஷூக்கள் பரத்திப் போடப்பட்டிருக்க, ஒரு போலீஸ் நாய் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பயிற்சி எடுத்த நாய்தான். ஆனாலும் நான்காவது ஷூவில் தும்ம ஆரம்பித்து, பத்தாவது ஷூவில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பாதுகாப்பு அதிகாரிக்குப் பெரிய மீசை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்.

"ஜூத்தா கழட்டச் சொன்னது யாரு?"

இந்த வகுப்பு பாடத்தில் ஒரு கேள்விக்கும் ஒரே குரலில் பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னது.

"ஜெபா மிஸ்!"

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். "உங்க பிரின்சிபல் நம்பர் சொல்லுங்க. புகார் கொடுக்கணும்."

நான் கெஞ்சினேன். பஞ்சாபி ஆன்டி எனக்காக வாதாடினார். (அவர் வாதாடியது பெரும்பாலும் தன் தங்கநிறச் செருப்புக்காக.) எதுவும் பலிக்கவில்லை. எண்ணைச் சொன்னேன். சொல்லும்போதே மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன். நாகர்கோவில் ஸ்டேஷனில் அப்பா கைகட்டி நிற்பது தெரிந்தது.

அதிகாரி போனில் ஆரம்பித்தார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள், எச்சரிக்கை மணியை அடித்தார்கள், சுற்றி வந்தார்கள், கும்பிட்டார்கள். கல்யாணி மேடம் மறுமுனையில் முழுவதையும் கேட்டார். பிறகு பேசினார். அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கிறவர்கள் அவர் வருவதைப் பார்த்தாலே விலையைக் குறைத்துவிடுவார்களாம். அந்த ஹிந்தி போனுக்கு வெளியிலும் தெளிவாகக் கேட்டது.

உள்ளே இருப்பது பிள்ளையாரா இல்லையா? பிள்ளைகள் எதையாவது உடைத்தார்களா? இந்தக் குளிரில் சின்னப் பிள்ளைகளின் ஷூவைத் தூக்கிக்கொண்டு போக உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நான் நேரில் வருவேன், வரட்டுமா?

"நஹி நஹி மேடம்ஜி" என்றார் அதிகாரி. மீசை கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஜி. ஜி மேடம்ஜி." போனை வைத்துவிட்டு, ஷூக்களைக் கொடுத்துவிடச் சொன்னார்.

கொடுத்தார்கள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி. எது யாருடையது என்று கண்டுபிடிப்பதற்கு நாயாலேயே முடியவில்லை என்றால் நான் எம்மாத்திரம்? முனையில் துணி அடைத்த ஜோடியை மட்டும் முதலில் தேடி எடுத்து, தனலட்சுமியின் கால்களை என் கையால் தேய்த்துச் சூடாக்கி, நானே மாட்டிவிட்டேன். மற்றவர்கள் காலில் நுழைந்ததைப் போட்டுக்கொண்டார்கள். பிரவீன் இரண்டு இடதுகால் ஷூவோடு வீட்டுக்குப் போனான். அடுத்த ஒரு வாரம் பள்ளிக்கூட கேட்டில் அம்மாமார் ஷூ மாற்றிக்கொள்ளும் சந்தை நடந்தது.

கிளம்பும்போது அதிகாரி என்னை நிறுத்தினார். இனி இப்படி நடக்காமலிருக்க வாசலில் ஓர் அறிவிப்பு வைக்க வேண்டும், அதை உங்கள் மொழியிலேயே எழுதிக்கொடுங்கள் என்று ஓர் அட்டையையும் தடித்த பேனாவையும் நீட்டினார். பேனா எழுதவில்லை. மூலையில் கோணல்மாணலாக நாலு கிறுக்குக் கிறுக்கி மை வரவழைத்து, "காலணிகளைக் கழற்ற வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் கல்யாணி மேடம் அறைக்குப் போய் நின்றேன். ராஜினாமாக் கடிதத்துக்கு முதல் வரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம்."

"உனக்குத் தண்டனை என்ன தெரியுமா? இனிமே வருஷா வருஷம் மூணாம் கிளாஸை அங்க நீதான் கூட்டிட்டுப் போகணும். போ."

வராந்தாவில் பாதி தூரம் அழுதுகொண்டே நடந்த பிறகுதான் உறைத்தது. தற்காலிக ஆசிரியைக்கு ஏது வருஷா வருஷம்?

தண்டனையை இன்றுவரை அனுபவிக்கிறேன். அடுத்த ஆண்டு போனபோது சிற்ப ஹாலின் வாசலில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. அந்த ஹால் முழுக்கத் தமிழ்நாட்டுச் சிலைகள், ஆனால் எல்லா விவரமும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் இருப்பது அந்த ஒரு பலகை மட்டுமே. என் கையெழுத்தை அப்படியே பார்த்துச் செதுக்கியிருந்தார்கள். செதுக்கியவருக்குத் தமிழ் தெரியாததால், நான் மை வரவழைக்கக் கிறுக்கிய நாலு கிறுக்கலையும் விடாமல் செதுக்கியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் எட்வின், ஊரிலிருந்து யார் வந்தாலும் செங்கோட்டைக்கு முன்னால் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். "வீட்டுக்காரியோட படைப்பு. டெல்லி மியூசியத்துல நிரந்தரமா வச்சிருக்காங்க" என்பார்.

எட்வின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு இருக்கிற பயத்தில் ஒவ்வொரு வருஷமும் அவரை லீவு போடவைத்து, முதலுதவிப் பெட்டியோடு பயணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். கல்யாணி மேடம் ஓய்வு பெற்ற ஆண்டில், ஒருமுறை நானும் வந்து பார்க்கிறேன் என்று அவரும் எங்களோடு வந்தார். பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளையார் தெரிந்தார். செருப்பைக் கழற்றிப் பலகைக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்.

"மேடம், போர்டு..." என்றேன். அவர் திரும்பவில்லை.

அவசரமாகக் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கேட்பாரற்றுக் கிடந்தால் சாக்கோடு வந்துவிடுவார்களே! அப்போது புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் காவலர் என்னிடம் வந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டிருப்பார் போல. என் கையில் இருந்த செருப்பைப் பார்த்து, பலகையைச் சுட்டிக் காட்டி, படிக்காதவளுக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு ஹிந்தியில் சொன்னார்:

"மேடம், போர்டைப் படிக்கலையா? உங்க பாஷையிலதானே எழுதியிருக்கு?"

நான் பலகையைப் பார்த்தேன், கிறுக்கல் உட்பட. "படிச்சுட்டேன் பையா, ஸாரி" என்றேன். முதலுதவிப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு எட்வின் சிரித்த சிரிப்பில் இரண்டு ஹால் தள்ளியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தாலும், கேஸை அணைக்க மறந்தாலும், வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாலும், எட்வினும் எங்கள் மகளும் என்னைத் திட்டுவதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே குரலில் கேட்பார்கள்: "மேடம், போர்டைப் படிக்கலையா? உங்க பாஷையிலதானே எழுதியிருக்கு?"